தீட்சை வழி விக்காவில் சேர விரும்புகிறவர்களுக்கு: திருமலையிலிருந்து ஒரு தையல்காரி

விக்கா என்பது இங்கிலாந்தில் தோன்றிய, நிலவையும் பருவத்தையும் ஒட்டி வழிபடும் ஒரு சமயம். அந்தப் பெயரில் இன்று இரண்டு விதமான ஆட்கள் இருக்கிறார்கள். புத்தகம் வாங்கிப் படித்து, தமக்குத் தாமே உறுதி எடுத்துக்கொண்டு, வீட்டில் தனியே செய்கிறவர்கள் ஒரு விதம். கோவன் எனப்படும் சிறு குழுவில், ஏற்கெனவே தீட்சை பெற்ற ஒருவரின் கையால் தீட்சை வாங்கி உள்ளே போகிறவர்கள் மற்ற விதம். இந்தக் குறிப்பு இரண்டாவது விதத்தாருக்கு. முதல் விதத்தைக் குறைத்துச் சொல்லவில்லை. அதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை, அவ்வளவுதான்.

நான் திருமலையில், அதாவது இலங்கையின் திருகோணமலையில், உப்புவெளியில் வீட்டில் இருந்தபடி தைக்கிறவள். இங்கிலாந்தில் சித்தி வீட்டில் இருந்த காலத்தில் விக்காவின் ஒரு பிரிவான அலெக்சாந்திரியன் வழியில் தீட்சை பெற்றேன். பிறகு அம்மாவைப் பார்க்க ஆளில்லாமல் திரும்பி வந்துவிட்டேன். சட்டைக்கு அளவு கொடுக்க வருகிற பிள்ளைகள் சிலர், அளவு நாடா தோளில் கிடக்கும்போதே மெல்ல இதைப் பற்றிக் கேட்பார்கள். அவர்களுக்கு வாயால் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன். சத்தியம் செய்து வாங்கியவை சில உண்டு. அவற்றை எழுதமாட்டேன். சேருவதற்கு அவை தேவையும் இல்லை.

முதலில் ஒன்று. யாரையாவது மயக்க, எதிரியின் கடையைப் படுக்கவைக்க, விசா கிடைக்கச் செய்ய என்று வருகிறவர்கள் இத்தோடு நிறுத்திவிடலாம். செய்வினை, சூனியம் என்று நம் ஊரில் சொல்கிற சங்கதிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. மந்திர வேலை இதில் இல்லையென்று பொய் சொல்லமாட்டேன், இருக்கிறது. ஆனால் ஒருவருக்கும் கேடு வராமல் உன் விருப்பப்படி செய் என்பதே இவர்கள் சொல்லும் நெறி. அதோடு வேலையில் பெரும்பகுதி வழிபாடு. ஒரு பெண் தெய்வம், கொம்புள்ள ஓர் ஆண் தெய்வம், நிலவு, பருவம்.

உள்ளே என்ன இருக்கிறது

சைவக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இதன் அமைப்பு சீக்கிரம் விளங்கும். சமய தீட்சை, விசேட தீட்சை, நிருவாண தீட்சை என்று நமக்கு மூன்று இருக்கிறது. அங்கேயும் மூன்று டிகிரி. ஒரு பெரிய வித்தியாசம்: முதல் டிகிரியிலேயே நீங்கள் பூசகர் அல்லது பூசகி. கும்பிட்டுவிட்டு விபூதி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகும் அடியார் கூட்டம் என்று ஒன்று கிடையாது. சடங்குக்காகத் தரையில் கீறும் வட்டத்துக்குள் நிற்கிற எல்லோருக்கும் வேலை இருக்கும். மூன்றாம் டிகிரி பெற்றவர் பிரிந்து போய்த் தன் சொந்தக் கோவனைத் தொடங்கலாம். வழமையாகப் பெண் ஆணுக்கும் ஆண் பெண்ணுக்கும் தீட்சை கொடுப்பார்கள். இதில் இப்போது தளர்வாக இருக்கும் கோவன்களும் உண்டு. சடங்குகள் எழுதிய நூலை நிழல்களின் புத்தகம் என்பார்கள். அதை மூத்தவரின் பிரதியைப் பார்த்துக் கையால் எழுதிக்கொள்வதுதான் மரபு. கோவனுக்குப் பதின்மூன்று பேர் என்பது சொல் வழக்கு. நான் பார்த்தவை எல்லாம் அதைவிடச் சின்னவை, ஒரு வீட்டுக் கூடத்துக்குள் அடங்கிவிடும்.

வரலாறு கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். பெருமைக்காக அல்ல, ஏமாற்றுக்காரரைக் கண்டுபிடிக்க அது உதவும். இதை வெளியே கொண்டுவந்த ஜெரால்ட் கார்ட்னர் 1884இல் இங்கிலாந்தின் லங்காஷயரில் பிறந்தவர். 1900இல் இலங்கைக்கு வந்து மஸ்கெலியாப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் வேலை பழகியவர். ஆம், நம் மலையகத்தில்தான். பிறகு போர்னியோ, மலாயா. மலாயாவில் சுங்க வேலை பார்த்துக்கொண்டே கிரிஸ் கத்திகளை ஆராய்ந்து 1936இல் ஒரு நூலும் வெளியிட்டார். ஓய்வு பெற்று ஊர் திரும்பி, 1939இல் நியூ ஃபாரஸ்ட் பகுதிக் குழு ஒன்றில் தீட்சை பெற்றதாகச் சொன்னார். இதை வெளிப்படையாகப் பேசத் தடையாயிருந்த இங்கிலாந்தின் பழைய சூனியச் சட்டம் 1951இல் நீக்கப்பட்டது. 1954இல் இதைப் பற்றிய அவருடைய நூல் வந்தது. 1953இல் அவரிடம் தீட்சை பெற்ற டொரீன் வாலியன்டே சடங்கு வாசகங்களில் பலவற்றைத் திருத்தி எழுதினார். இன்றைக்கும் அந்த வாசகங்களின் அழகுக்கு அவர்தான் காரணம். கார்ட்னரின் வழி கார்ட்னேரியன். 1960களில் அலெக்ஸ் சாண்டர்ஸும் மக்சீன் சாண்டர்ஸும் பரப்பியது அலெக்சாந்திரியன்.

ரொனால்ட் ஹட்டன் என்ற வரலாற்றாசிரியர் 1999இல் இதையெல்லாம் அலசி, இன்றைய விக்கா இருபதாம் நூற்றாண்டில் உருவான சமயம் என்று காட்டிவிட்டார். தீட்சை பெற்றவர்கள் பெரும்பாலோர் அதைச் சங்கடப்படாமல் ஒப்புக்கொள்வார்கள். ஆகவே ‘ஐயாயிரம் வருடமாக அறாமல் வரும் எங்கள் பரம்பரை’ என்று ஒருவர் ஆரம்பித்தால் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழும்பி வாருங்கள்.

வீட்டிலேயே பழக வேண்டியது

கோவன் கிடைக்கும் வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. உண்மையில், சும்மா இருந்தவரை எந்தக் கோவனும் விரும்பி எடுக்காது. வெளியே அச்சில் இருக்கும் சடங்கு முறைகளே பழகுவதற்குப் போதும்.

நிலவு வழிபாட்டை எஸ்பாத் என்பார்கள், அது வழமையாகப் பௌர்ணமியில். லண்டனில் வேலை முடித்து ரயிலில் ஓடிவந்து எஸ்பாத் செய்த எனக்கு, மாதாமாதம் பௌர்ணமிக்கு அரசாங்கமே லீவு தரும் நாடு சொர்க்கம். ஆனால் போயா என்று சொல்லும் அந்த லீவு நாளில் சாராயக் கடை, வைன் விற்கும் கடை எல்லாம் பூட்டு. வட்டத்தின் முடிவில் வைனும் கேக்கும் படைத்துப் பகிர்வது வழக்கம், வைன் வேண்டுமென்றால் முதல்நாளே வாங்கி வையுங்கள். நான் பெரும்பாலும் நெல்லி ரசம்தான் வைப்பேன், கேக்குக்கு மாரி பிஸ்கட். தெய்வம் இதுவரை குறை சொன்னதில்லை. இன்னொன்று: நிலவு முழுமையாகும் நேரம் சில மாதங்களில் போயாவுக்கு முதல் இரவில் விழும், கலண்டரில் நேரத்தையும் பாருங்கள்.

வட்டம் ஒன்பது அடி விட்டம். நம் வீட்டு அறைகள் பத்துக்குப் பத்து என்பதால் கட்டிலை நிமிர்த்திச் சுவரில் சாத்த வேண்டிவரும். தனியாக வரைவதற்கு நான் செய்வது இது: நாலரை அடி நூல் எடுத்து, ஒரு நுனியை அறையின் நடுவில் வைத்த இஸ்திரிப் பெட்டியின் அடியில் செருகுவேன். மறு நுனியில் சோக்குக்கட்டியைக் கட்டி, நூலை இழுத்துப் பிடித்தபடி தவழ்ந்து சுற்றுவேன். சீமெந்துத் தரையில் கோடு அழகாக விழும், காலையில் ஈரத்துணியால் துடைத்துவிடலாம். டைல்ஸ் என்றால் கோடு பிடிக்காது, கோதுமை மாவைத் தூவுங்கள், எறும்பு வருமுன் கூட்டிவிடுங்கள்.

பிறகு வரிசை இப்படி: கிண்ணத்துத் தண்ணீரில் கல்லுப்புக் கலந்து வட்டத்தைச் சுற்றித் தெளிப்பது. தூபம் காட்டுவது. கிழக்கு, தெற்கு, மேற்கு, வடக்கு என்று நாலு திக்கையும் அழைப்பது. தெய்வங்களை அழைப்பது. வந்த வேலையைச் செய்வது, இல்லாவிட்டால் பேசாமல் உட்கார்ந்திருப்பது. பகிர்ந்து உண்பது. நன்றி சொல்லி, அழைத்த எல்லோரையும் வழியனுப்பி, வட்டத்தைக் கலைப்பது. எப்போதும் வலம். கோயிலை வலம் வந்து பழகிய கால் தானாகவே அந்தப் பக்கம் போகும். அழைக்கும் வார்த்தைகளைத் தமிழிலேயே, உங்கள் சொந்த வாயால் சொல்லுங்கள். இங்கிலீஷ் வாசகத்தைத் தாளில் பார்த்து வாசித்தால் கண் தாளில் இருக்கும், மனம் வட்டத்தில் இருக்காது. கோவனுக்குள் போனபின் அவர்கள் வாசகத்தை மனப்பாடம் செய்யலாம்.

திக்கு விஷயத்தில் இங்கே ஒரு சிக்கல் வரும். கிழக்குக் காற்று, தெற்கு நெருப்பு, மேற்கு நீர், வடக்கு நிலம் என்பது அவர்களுடைய கணக்கு. இங்கிலாந்தில் நின்று பார்த்தால் நியாயமாகத்தான் படும். நடுப்பகல் சூரியன் அங்கே வருடம் முழுக்கத் தெற்கில், அட்லாண்டிக் சமுத்திரம் மேற்கில். உப்புவெளியில் நிற்கிறவளுக்குக் கடல் கிழக்கில். சூரியனோ சித்திரைப் புத்தாண்டு அண்டி நேர் உச்சிக்கு வந்துவிட்டு, அதன்பின் ஆகஸ்ட் கடைசி வரை வடக்குப் பக்கமாகச் சாய்ந்து நிற்கும். ஜூன் 21 நடுப்பகலில் வாசலில் ஒரு தடியை நட்டுப் பாருங்கள், அதன் நிழல் தெற்கே விழும். அப்படியானால் நெருப்பை வடக்கில் வைப்பதா? சிலர் இடத்துக்கேற்ப மாற்றுகிறார்கள். என் எண்ணம்: சேர விரும்புகிறவர் முதலில் அவர்கள் கணக்கிலேயே பழகுங்கள். மாற்றியே பழகினால் கோவனில் ஒவ்வொரு முறையும் உடம்பு தவறான பக்கம் திரும்பும். ஆனால் மேற்கே திரும்பி நீரை அழைக்கையில் முதுகுக்குப் பின்னால் கடல் இரைவதைக் கேட்காத மாதிரி நடிக்க என்னால் முடிவதில்லை. தனியாக இருக்கும் இரவுகளில் ஒரு கும்பிடு கிழக்கேயும் போட்டுக்கொள்வேன்.

ஆண்டுச் சக்கரம் என்று அவர்கள் சொல்லும் வருடச் சுற்றின் எட்டுப் பண்டிகைகளும் அப்படித்தான். லண்டனில் கோடைப் பகல் பதினாறரை மணித்தியாலம், குளிர்காலப் பகல் எட்டுக்கும் குறைவு. அந்த இருட்டில் வாழ்ந்தவர்களுக்கு டிசம்பர் 21இல் சூரியன் மறுபடி பிறப்பது உயிர்ப் பிரச்சினை. நமக்கு நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் ஒரு மணித்தியாலம்தான் வித்தியாசம். ஆகவே கொப்பி ஒன்றை எடுத்து இரண்டு பத்தியாகப் பிரியுங்கள். இடப்பக்கம் அவர்களுடைய பண்டிகையும் அதன் பொருளும். வலப்பக்கம் அன்றைக்கு நம் ஊரில் உண்மையில் என்ன நடக்கிறது என்பது. என் கொப்பியில் ஆகஸ்ட் 1 லாமாஸுக்கு நேரே தம்பலகாமம், கந்தளாய்ச் சிறுபோக வயல்கள் என்று இருக்கிறது. அங்கேயும் தானிய அறுவடை, இங்கேயும் கிட்டத்தட்ட அப்படி. அக்டோபர் 31 சாவின், இறந்தவர்களுக்கான இரவு. நமக்கு மாரி தொடங்கும் காலம், இரண்டு நாளில் கத்தோலிக்கச் சனம் கல்லறைத் திருநாளுக்கு மெழுகுதிரி கொண்டுபோகும். பெப்ரவரியில் அவர்களுக்கு ஆட்டுக்குட்டி, நமக்குப் பெரும்போக நெல். இப்படி ஒரு கொப்பியை ஒரு வருடம் எழுதி முடித்தவரைப் பார்த்தால் எந்த மூத்த பூசகிக்கும் பிடிக்கும். அவுஸ்திரேலியாவில் அண்ணா, அக்கா இருக்கிறவர்கள் கவனிக்க: அங்கே பலர் பண்டிகைகளை ஆறு மாதம் தள்ளி மாற்றி வைத்துக்கொள்கிறார்கள்.

பொருட்கள்

எல்லாவற்றையும் ஒரேயடியாக வாங்க வேண்டாம். தூபக்கால், கைமணி, கிண்ணம், சாம்பிராணி எல்லாம் சாமியறையில் இருக்கும். சாமியறையிலிருந்து எடுக்காமல் சந்தையில் வேறாக வாங்குங்கள். அம்மாவின் தூபக்காலை எடுத்தால் சண்டை நிச்சயம். சிரட்டைக்கரி பற்றவைத்தால் ஜன்னல் ஒன்று திறந்தே இருக்கட்டும். பூட்டிய அறையில் கரிப் புகை ஆளைக் கொல்லும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் மெழுகுதிரி நிற்காது, கண்ணாடி லாம்பு வைத்துக்கொள்ளுங்கள்.

கறுப்புப் பிடியுள்ள இருபக்கக் கூர்க் கத்தியை அத்தமே என்பார்கள். வட்டத்தைக் கீறவும் சக்தியைச் செலுத்தவும் மட்டுமே அது, காய்கறி வெட்ட அல்ல. இதைத் தீட்சை வரை வாங்காமல் இருப்பது நல்லது. கையும் சுட்டுவிரலும் போதும். திருமலை கடற்படையும் பொலிஸும் நிறைந்த ஊர். பையில் இருபக்கக் கூர்க் கத்தியோடு இரவில் பிடிபட்டு, ‘இது சமயச் சடங்குக்கு ஐயா’ என்று சொல்லிப் பாருங்கள்.

அங்கி பற்றி மட்டும் கொஞ்சம் அதிகமாகச் சொல்ல விடுங்கள், அது என் தொழில். பொலியெஸ்டர், நைலோன் கூடவே கூடாது. மெழுகுதிரி பட்டால் உருகித் தோலில் ஒட்டிவிடும். பருத்திப் பொப்ளின் நல்லது, 45 அங்குல அகலத்தில் 3 யார். துணியைத் தோளில் மடித்து, நடுவில் கழுத்துக்கு வெட்டி, இரண்டு பக்கமும் அக்குளிலிருந்து தைத்துக்கொண்டு வந்தால் தனியாகக் கை வைக்கவே தேவையில்லை, அது முழங்கையைத் தாண்டி இறங்கும். படங்களில் காட்டுவதுபோல் தொங்கும் அகலக் கை வேண்டாம். மேசைக்கு மேலால் கையை நீட்டும்போது அந்தத் தொங்கல்தான் நெருப்பில் முதலில் படுவது. கைவாய் எட்டு அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது. நீளம் கணுக்காலுக்கு நாலு விரல் மேலே. வட்டத்தில் குனிந்து எழும்பும்போது தன் அங்கியைத் தானே மிதித்து விழுந்தவர்களைக் கண்டிருக்கிறேன், தெய்வத்தை அழைக்கிற நேரத்தில் சிரிப்பை அடக்குவது பெரும்பாடு. தைப்பதற்கு முன் துணியை ஒருதரம் நனைத்துக் காயவையுங்கள், பொப்ளின் சுருங்கும்.

வீடு, அயல், கோயில்

“என்னடி பிள்ளை, சாம்பிராணி போட்டால் வீடு முழுக்கக் காட்டுறதுதானே, ஏன் கதவைச் சாத்துறாய்?” என்று அம்மா ஒருநாள் வெளியில் நின்று கேட்டா. “தியானம் அம்மா, பூனை வரும், அதுதான்” என்றேன். பிறகு ஆறுதலாக உட்கார்ந்து உள்ளதைச் சொன்னேன். “அப்ப உதுவும் ஒரு அம்மன்தானே, ஆருக்கும் கூடாதது செய்யிறேல்லைதானே” என்று இரண்டே கேள்வியில் முடித்துவிட்டா. எல்லா வீட்டிலும் இவ்வளவு லேசாக முடியாது. சொல்லத்தான் வேண்டுமென்றும் இல்லை. ஆனால் அயலில் ‘அந்தப் பிள்ளை சூனியம் பழகுது’ என்று ஒரு கதை கிளம்பினால் கலியாணப் பேச்சு முதல் கடைக் கடன் வரை தொடும். ஆகவே முற்றத்தில் செய்யாதீர்கள், படம் எடுத்துப் போடாதீர்கள். மனச்சாட்சிக்கும் சமயத்துக்கும் உள்ள சுதந்திரத்தை அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை எல்லோருக்கும் தருகிறது. ஒழுங்கை மூலையில் நிற்கும் மாமி அதை வாசித்திருக்கமாட்டா.

கோணேசர் மலையடிக்கும் கன்னியா வெந்நீரூற்றுக்கும் உங்கள் வட்டத்தைக் கொண்டுபோக வேண்டாம். அந்த இடங்களுக்கு அவற்றின் சொந்த வழிபாடும் சொந்த வழக்கும் உண்டு, போதுமான தலையிடியும் உண்டு. பத்திரகாளி அம்மனை விக்காத் தெய்வத்தின் இன்னொரு பெயராக்கி வட்டத்துக்குள் இழுப்பதும் எனக்குப் பிடிக்காது. வெள்ளிக்கிழமை அந்தக் கோயிலுக்குப் போகிறேன், அங்கே அந்த முறையில் கும்பிடுகிறேன். இதை விடு என்று என் கோவன் சொன்னதில்லை. கொம்புள்ள தெய்வத்தை மனதில் பிடிக்கக் கஷ்டமாக இருக்கிறவர்கள் விடியற்காலையில் கோட்டைக்குள் போங்கள். புள்ளிமான் கூட்டத்தில் ஒரு கிழட்டு ஆண் மான் நிமிர்ந்து பார்க்கும். மூச்சு விடும்போது அதன் மூக்கோரம் நடுங்கும், கொம்பில் எங்கேயோ முட்டிய காய்ந்த புல் தொங்கும். தூரத்தில் நின்று பார்த்தால் போதும். அதுக்குப் பிஸ்கட் கொடுக்கிற பழக்கம் வேண்டாம்.

ஆட்களைத் தேடுவது

இனித்தான் முக்கியமான பகுதி. கார்ட்னேரியன், அலெக்சாந்திரியன் வழிகளில் தீட்சை நேரில்தான். சூமில் தீட்சை, தபாலில் சான்றிதழ் என்பதெல்லாம் இந்த வழிகளில் இல்லை. ஆகவே திருமலையில் இருக்கிறவர் ஒருநாள் கடல் கடக்க வேண்டிவரும். படிக்கவோ வேலைக்கோ இங்கிலாந்து, கனடா, அமெரிக்கா போகப் போகிறவர்களுக்கு அது சுலபம். மற்றவர்களுக்கு, தூரத்திலிருந்து பயிற்சி கொடுத்து இடையிடையே நேரில் அழைக்கும் கோவன் ஒன்று கிடைக்க வேண்டும். பயிற்சிக்கு ஒரு வருடமும் ஒரு நாளும் என்பது பழைய வழக்கு, கூடவும் போகலாம். ஆறு மாத விசிட் விசாவில் போய் எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு வரலாம் என்று கணக்குப் போடாதீர்கள். 18 வயதுக்குக் கீழ் என்றால் ஒரு கோவனும் எடுக்காது.

இங்கிலாந்தில் தேடத் தொடங்க நல்ல இடம் பேகன் ஃபெடரேஷன், விக்கா போன்ற வழிகளில் இருப்பவர்களுக்கான சங்கம், 1971இலிருந்து இயங்குகிறது. மூட் என்று சொல்லும் சந்திப்புகள் பல ஊர்களில் நடக்கும், பெரும்பாலும் ஒரு பப்பின் மேல்மாடியில். குடிக்காதவர்கள் கோப்பி குடித்துக்கொண்டு இருக்கலாம், ஒருவரும் எதுவும் கேட்கமாட்டார்கள். லண்டன் மியூசியம் வீதியில் இருக்கும் அட்லாண்டிஸ் புத்தகக் கடை 1922இல் தொடங்கியது, கார்ட்னரின் நாவல் ஒன்றை 1949இல் வெளியிட்டதும் அவர்கள்தான். இப்படியான இடங்களில் முகம் பழகிய பிறகுதான் ஒருவர் மெதுவாக, ‘எங்கள் பூசகியைச் சந்திக்கிறாயா’ என்று கேட்பார். முதல் சந்திப்பிலேயே என்னைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்காதீர்கள்.

விசாரிப்பது நம் சனத்துக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பெண் கொடுக்குமுன் மாப்பிள்ளை வீட்டை எப்படி விசாரிப்போமோ, அதே விசாரிப்புத்தான். உங்களுக்குத் தீட்சை தந்தவர் யார், அவருக்கு யார், இன்னொரு கோவனில் உங்களைத் தெரிந்தவர் யாராவது சாட்சி சொல்வாரா? உண்மையான வழியில் வந்தவருக்கு அப்படிச் சொல்ல ஆள் இருக்கும். உள்ளே வராத ஒருவரிடம் எல்லாப் பெயரையும் சொல்லமாட்டார்கள், பலர் வேலை, குடும்பம் என்று மறைவாக இருக்கிறவர்கள். ஆனால் கேட்டதற்காகக் கோபிக்கவும் மாட்டார்கள். கேள்விக்கே கோபப்படுகிறவரை விட்டுவிடுங்கள்.

காசு. தீட்சைக்குக் காசு வாங்குவது இந்த வழிகளில் பெரிய குற்றம். மெழுகுதிரி, சாப்பாட்டுச் செலவைப் பங்கு போடுவது வேறு. உவர்மலைப் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி போனைக் காட்டினாள்.

“அக்கா, மூண்டு டிகிரியும் ஒரே பக்கேஜாம். இந்த மாதம் கட்டினால் கழிவாம்.”

“ஆர் பிள்ளை தாறது?”

“தெரியாது அக்கா, அமெரிக்காவில ஒரு ஹை பிரீஸ்ரஸ்.”

“கட்டாதை. ஒரு சதமும் கட்டாதை.”

அவளுக்குச் சொன்ன இன்னொன்றையும் இங்கே வெளிப்படையாகச் சொல்கிறேன். பல கோவன்கள் ஆடையின்றிச் சடங்கு செய்கின்றன, அது இரகசியம் இல்லை. அது உங்களுக்கு ஒத்துவராது என்றால் அங்கி அணியும் கோவனாகத் தேடுங்கள், அதில் வெட்கம் இல்லை. தீட்சைக்கு முன் கொடுக்கும் வெளிவட்டப் பயிற்சியில் பொதுவாக அங்கிதான். ஆனால் முன்கூட்டியே நிர்வாணப் படம் அனுப்பச் சொல்வது, தீட்சைக்கு விலையாக உடலுறவு கேட்பது, வீட்டாருக்கு எங்கே போகிறாய் என்று சொல்லாதே என்பது, நாளைக்கே முடிவு சொல் என்று அவசரப்படுத்துவது, இதில் எது வந்தாலும் அங்கேயே எழும்பிவிடுங்கள். ஆண் தெய்வமும் பெண் தெய்வமும் சேர்வதைக் காட்டும் பெரிய சடங்கு ஒன்று உண்டு என்பதும் வெளியே தெரிந்ததுதான். கிண்ணத்துக்குள் அத்தமேயை இறக்கி அதை அடையாளமாகச் செய்வார்கள். வேறு விதமாகத்தான் செய்ய வேண்டும் என்று உங்களை ஒருவர் நெருக்கினால் அவர் பூசகர் இல்லை.

கடிதம்

சந்திக்க முடியாத தூரத்தில் இருப்பதால் நம் கதவு கடிதம்தான், அதாவது மின்னஞ்சல். இரண்டு பக்கத்துக்கு மேல் போகக்கூடாது. உங்கள் சொந்த இங்கிலீஷில் எழுதுங்கள், பிழை இருந்தால் இருக்கட்டும். ஆசிரியரைக்கொண்டு திருத்தி மெருகேற்றிய கடிதத்தில் ஆள் தெரியாது. வயது, எங்கே இருக்கிறீர்கள், என்ன வேலை, என்ன படித்தீர்கள், எவ்வளவு காலமாக வட்டம் போட்டுப் பழகுகிறீர்கள், அதில் எது வரவில்லை என்பதையெல்லாம் எழுதுங்கள். மருந்து எடுக்கிறீர்கள், நீண்ட நேரம் நிற்க முடியாது என்றால் அதையும் சொல்லுங்கள். எப்போது அந்த நாட்டுக்கு வர வாய்ப்பு இருக்கிறது, வராவிட்டால் தூரப் பயிற்சி கொடுப்பார்களா என்று நேராகக் கேளுங்கள். கொப்பியிலிருந்து ஒரு பண்டிகைப் பக்கத்தைப் படம் எடுத்து இணைத்தால் நல்லது. சாதகக் குறிப்பு, பாஸ்போட் பிரதி, முழு உருவப் படம் அனுப்ப வேண்டாம். பாட்டி மந்திரவாதி, எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஆவி தெரியும் என்ற கதைகளும் வேண்டாம். அவர்கள் அப்படி நூறு கடிதம் வாசித்தவர்கள்.

ஒரே நேரத்தில் ஒரே கடிதத்தைப் பத்துக் கோவனுக்கு அனுப்பாதீர்கள். அவர்கள் ஒருவரையொருவர் தெரிந்தவர்கள், கதைத்துக்கொள்வார்கள். ஒன்றுக்கு அனுப்பிவிட்டு இரண்டு போயா கழியும் வரை பொறுங்கள். பதில் இல்லாவிட்டால் ஒருதரம் மட்டும் சுருக்கமாக நினைவூட்டுங்கள். இடமில்லை என்று பதில் வந்தால் நன்றி சொல்லி, வேறு யாரையாவது சொல்ல முடியுமா என்று கேளுங்கள். பெரும்பாலும் ஒரு பெயர் கிடைக்கும். அந்தப் பெயருக்குப் புதிதாக, வேறு கடிதமாக எழுதுங்கள், யார் அனுப்பினார்கள் என்பதை முதல் வரியிலேயே போட்டு.